தொரை நின்ற இடம்

1. தகர டப்பா

நகரசபையில் சானிட்டரி மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று சாமான்களைக் கொடுத்தார்கள். ஒரு கடப்பாரை, முனையில் கம்பிச் சுருக்கு வைத்த ஆறடி மூங்கில் கழி, மூடி இறுக்கிய ஒரு தகர டப்பா. கடப்பாரை, தெருச் சாக்கடை ஓடையின் மேல் போட்டிருக்கும் மூடுகல்லை நெம்புவதற்கு. கழி, தெருநாயைப் பிடிப்பதற்கு. டப்பாவுக்குள் இருந்ததை ஆபீசில் ‘நாய் மருந்து’ என்று சொல்வார்கள். பெயர்தான் மருந்து. சரக்கு விஷம். டப்பாவைத் தொட்ட கையை எத்தனை தடவை கழுவியும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். ஐம்பதைத் தொடுகிற வயதில் இதைப் பேசாமல் எழுதுவதற்கும் அதுதான் காரணம். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் படித்தால் போதும்.

நாய் என்றால் எனக்குப் பயம். வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அந்தப் பயம் இரட்டிப்பாயிற்று. என் கூட்டத்தில் ஓடை வாரிய பொன்னுமுத்துவை ஒரு தெருநாய் முழங்காலில் கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பயந்து, மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் தண்ணீர்ச் செம்பைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டது. நான் பார்க்கப் போனபோது ஜன்னல் வழியாக, “அண்ணே, அந்தச் செம்பை எடுத்துட்டுப் போயிருங்க” என்று கும்பிட்டான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

வெறிநாய் கடித்தவன் தண்ணீரில் குனிந்து பார்த்தால் தன் முகம் தெரியாது, கடித்த நாயின் முகம்தான் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

2. டோக்கன் இல்லாத நாய்

எங்கள் சமஸ்தானம் கொச்சியோடு சேர்ந்து ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருஷம் ஆன சமயம். எங்கள் இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்துக்காரர். ஆபீஸ் நோட்டீசும் மலையாளம், அவர் பேச்சும் பாதி மலையாளம். நாய் விஷயத்தில் அவர் வைத்த ஒழுங்கு இது: வீட்டு நாய்க்குக் கழுத்தில் தோல்வாரும் பித்தளை டோக்கனும் இருக்க வேண்டும். டோக்கன் வேண்டுமென்றால் ஃபாரத்தில் வீட்டு நம்பர் எழுத வேண்டும். டோக்கன் இல்லாததெல்லாம் தெருநாய். மாதத்தில் ஒரு தடவை, முந்தின நாள் தமுக்கடித்துச் சொல்லிவிட்டு, விடியற்காலை கருவாட்டுத் துண்டில் மருந்து வைத்துச் சந்தையில் போடுவோம். போடுகிறவன் நான். செத்ததை அள்ளுகிறவனும் நான்.

சந்தைக்கு வருகிற நாய்களில் ஒன்றுதான் எனக்குத் தனியாகத் தெரியும். அதன் பேர் தொரை. மலையில் ஏதோ எஸ்டேட் பங்களாவில் பிறந்த குட்டி என்பதால் அந்தப் பேர். காது இரண்டும் நிமிர்ந்து நிற்கும். அதன் சொந்தக்காரர் சிலுவைப்பிச்சை, கடலில் வலை வீசிக்கொண்டிருந்தவர். அம்மை வந்து இரண்டு கண்ணும் போனபின் கடலுக்குப் போக முடியவில்லை. வலைக்கயிற்றில் உறியும் பையும் முடைந்து சந்தையில் கொண்டுவந்து விற்பார். நாயின் கழுத்துக் கயிற்றில் ஒரு முழக் கம்பைக் கட்டி, கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஆறு மைல் நடந்து வருவார். படி வந்தால் நாய் நிற்கும். வண்டி வந்தால் நிற்கும். அவர் காலால் துழாவி அறிந்து, “போ தொரை” என்று சொன்ன பிறகுதான் நகரும். யார் சொல்லிக் கொடுத்தும் அவர் பழக்கவில்லை. அவருக்கே தோன்றியது.

பஸ்ஸில் அந்த நாயை ஏற்ற மாட்டார்கள். அவருடைய கோவிலில்கூட முகப்பு வரைக்கும்தான். சாயாக்கடையில் வெளியே நிற்க விடுவார்கள்.

“தொரைக்கு மீடியமா, ஸ்ட்ராங்கா?” என்று சாயா அடிக்கிறவர் கேட்பார்.

“தொரை ராஜ்யத்தை விட்டுப் போயாச்சு. இப்போ வெறும் தண்ணிதான்” என்பார் சிலுவை. எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த நாய்க்கு டோக்கன் கேட்டு அவர் ஆபீசுக்கு வந்தார். அவருடைய குடிசை கடல்புறம்போக்கில் மணல்மேல் இருந்தது. நம்பர் கிடையாது. “நம்பர் இல்லாத வீட்டுப் பட்டிக்கு டோக்கன் இல்லா” என்று இன்ஸ்பெக்டர் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டி என்றால் நாய்.

அதற்குப் பிறகு மருந்து போடும் விடியற்காலை ஒவ்வொன்றும் எனக்கு நடுக்கம்தான். தொரை வந்து தின்றுவிட்டால் அந்த மனுஷன் நட்டநடுச் சந்தையில் கம்பைப் பிடித்தபடி நிற்பாரே என்று நினைப்பேன். ஆனால் தொரை கருவாட்டுத் துண்டைத் தாண்டும்போது மூக்கைக்கூடத் தாழ்த்தாது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம்.

3. வாழைக்காய்க் கடை முன்னால்

ஒரு வியாழக்கிழமை, பெரிய சந்தை கூடும் நாள். பூதப்பாண்டிப் பக்கத்து வாழைத்தார் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. வாழைக்காய்க் கடைச் செல்லையாவின் முன்னால் ஓடை அடைத்துக்கொண்டதால் நான் மூடுகல்லை நெம்பி ஒதுக்கினேன். கீழே நெஞ்சளவுக் குழி. அடியில் கருங்கல் பாவியது. கல்லைத் திறந்தால் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட வேண்டும் என்பது ரூல். நட்டேன். நாற்றம் குப்பென்று எழுந்தது.

“ஓய் மேஸ்திரி, இந்த நாத்தத்துல எவன்வே நின்னு காய் வாங்குவான்?” என்றார் செல்லையா.

“ஆளு சாயா குடிக்கப் போயிருக்கு. வந்ததும் வாரிட்டு மூடிருவேன்.”

“அது வரைக்கும் எனக்கு யாவாரம் நடக்காண்டாமா? இதைப் போடும்” என்று கூரைக்கு வைத்திருந்த முடைந்த தென்னோலை ஒன்றை நீட்டினார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓலையைக் குழியின் மேல் விரித்தேன். குச்சி இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர் அதைப் பிடுங்கிக் கடைக்குப் பின்னால் சார்த்தினார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரம் மீன் கடைப் பக்கமிருந்து இன்ஸ்பெக்டரின் விசில் கேட்டது. ஓடினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கூச்சல் கேட்டுத் திரும்பி வந்தபோது செல்லையா கடை முன்னால் வட்டமாக ஆட்கள் நின்றார்கள். உள்ளே சிலுவை மல்லாந்து கிடந்தார். தொரை அவர் வேட்டியைப் பல்லால் கவ்வி, உறுமிக்கொண்டே பின்னால் இழுத்தது. பக்கத்தில் போனவனை நோக்கிப் பல்லைக் காட்டியது.

“ஐயோ மாதாவே! பேப்பட்டி! வெறி பிடிச்சுட்டுது! சொந்தக்காரனையே கடிக்கியே!” என்று மீன்காரி திரேசம்மா தலையிலடித்துக் கத்தினாள். சிலுவையின் கடற்கரை ஊரைச் சேர்ந்தவள் அவள். சந்தையில் அவள் குரலுக்கு மிஞ்சின குரல் கிடையாது. அவள் கத்தியதும் கம்பும் கல்லும் வந்துவிட்டன.

இரண்டு பேர் சிலுவையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அப்பால் இழுத்தார்கள். யாரோ ஒருவன், “தண்ணி வச்சுப் பாருங்கலே, வெறின்னா தண்ணியைத் தொடாது” என்றான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி நீண்ட கம்பால் தொரையின் முன்னால் தள்ளினார்கள். வெயிலில் ஆறு மைல் நடந்து வந்த நாய். நாக்கு தொங்கியது. சிரட்டையைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பாத்தியளா! தண்ணியைக் கண்டு மூஞ்சியைத் திருப்புகு!”

பொன்னுமுத்துவின் செம்பு ஞாபகம் வந்தது.

பிடித்திருந்தவர்களின் கையில் திமிறிக்கொண்டு சிலுவை கத்தினார்: “எலே, எம் பட்டிக்கு ஒண்ணும் இல்லலே! தொரை நின்னா காரியம் இருக்கும். கீழ பாருங்கலே! கீழ பாருங்க!”

ஒருவரும் கீழே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓலையின் ஒரு ஓரம் உள்ளே வளைந்திருந்தது; காலால் துழாவியவர் அதைத் தரை என்று எண்ணி அடி எடுத்திருக்க வேண்டும். சிலுவையின் கால் இழுபட்ட தடம், ஓலைக்கு ஒரு சாண் இப்பால் தொடங்கியது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் நெஞ்சளவு ஆழத்துக் கருங்கல்லில் தலை மோதியிருக்கும்.

நான் செல்லையாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உடனே வாழைத்தாரைத் தடவிப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். “எந்தா இது? பேப்பட்டியா? அடிச்சுக் கொல்லு” என்றார்.

கம்புகள் ஓங்கின. அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. குழி. அதைச் சொன்னால் ‘திறந்து போட்டவன் யார், குச்சி எங்கே’ என்று அடுத்த கேள்வி வரும். என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

“சார்... பத்து நாள்...”

“எந்தா?”

“கடிச்ச நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பாக்கணும்னு நோட்டீசுல இருக்கு சார்.”

அந்த நோட்டீசை ஒட்டியவரே அவர்தான். இத்தனை பேர் முன்னால் அதை மறுக்க அவரால் முடியவில்லை. “சரி, பவுண்டில கெட்டு. நீதன்னே பாத்துக்கணும். செத்தா தலையை வெட்டி லாபரட்டரிக்கு அனுப்பணும்” என்றார்.

சுருக்கைப் போட்டவன் நான். கம்பி கழுத்தில் இறுகியதும் தொரை ஒரு தடவை வெடுக்கென்று திரும்பியது. என் கட்டைவிரலில் ஒரு கீறல். ஊசி கீறியதுபோல். ஒரு சொட்டு ரத்தம். நிக்கரில் துடைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

என் கூட்டாளி கழியை வாங்கி நாயை இழுத்துப் போனான். கூட்டம் முழுவதும் அவன் பின்னால் போயிற்று. நான் ஓலையை உருவிப் போட்டுவிட்டு, மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினேன். கல் கரகரவென்று நகர்ந்து பொருந்தியது.

செல்லையா தாழ்ந்த குரலில், “நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பாக்கல்ல. என்ன மேஸ்திரி?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

4. பத்து நாள்

தெருவில் திரியும் மாடுகளை அடைக்கும் பவுண்டின் மூலைக் கொட்டிலில் தொரையைச் சங்கிலியால் கட்டினோம். பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. ஒரு சட்டியில் தண்ணீரும் ஒரு சட்டியில் கஞ்சியும் கழியால் தள்ளி வைத்தேன். முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. கண் உள்ளே போய்விட்டது. வாயோரம் நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

நாய் ஏன் வேட்டியைக் கவ்வியது என்று ஊரில் எனக்கும் செல்லையாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் வெறி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? குழியைக் கண்டு நின்றது உண்மை, வெறியும் உண்மை, இரண்டும் ஒன்றாக இருந்தால்? கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கீறல் ஆறிவிட்டது. பொன்னுமுத்துவுக்கும் ஆறித்தான் இருந்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம். வேலையில் கடிபட்டவன் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்: எந்த இடம், எப்படி, என்ன காரணத்தால். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் என்ன எழுதுவேன்? ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் குளிக்கக் கிணற்றடிக்குப் போனால் வாளியை இறக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வேன். வாளி தண்ணீரில் விழுந்து அலை எழுந்த பிறகுதான் திறப்பேன். அலையில் யார் முகமும் தெரியாது அல்லவா.

மூன்றாம் நாள் காலையில் சிலுவை பவுண்டுக்கு வந்தார். திரேசம்மா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலையில் காலி மீன்கூடை.

“நான் மீன் விக்கதா, இந்த மனுஷனை இழுத்துட்டுத் திரியதா? சந்தைக் கொட்டகையில சுருண்டு கெடந்தாரு. ஊசி போட வாரும்னாலும் கேக்க மாட்டாரு” என்றாள்.

“நாய் கடிக்கவே இல்ல, எனக்கு எதுக்குட்டி ஊசி?” என்றார் சிலுவை. பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, தொரை தண்ணி குடிச்சுதா?” என்றார்.

“இல்ல.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “எப்படிக் குடிக்கும்? நான் கைய முக்கிக் குடுத்தாத்தான் குடிக்கும். வேற ஆளு வச்சதைத் தொடாது. குட்டியில இருந்தே அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். உங்க மருந்துக்குப் பயந்துதான் அண்ணாச்சி. ஒரு துண்டு கருவாடு போதுமே, எனக்கு ரெண்டாம் தடவையும் கண்ணு போயிருமே.”

என் டப்பாவுக்குப் பயந்து பழக்கிய பழக்கம், சந்தையில் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. இரண்டு நாளாக நான் கண்டு நடுங்கியது வெறி இல்லை, தாகம்.

உத்தரவை மீறி அவரைக் கொட்டிலுக்குள் விட்டேன். அவர் உட்கார்ந்து சட்டிக்குள் இரண்டு கையையும் முக்கி, “தொரை” என்றார். நாய் தவழ்ந்து வந்தது. அவர் விரலை நக்கியது. பிறகு குடித்தது. மூன்று சட்டித் தண்ணீர் நிற்காமல் குடித்தது. திரேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தையில் கத்தியவள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தார். ஒரு தடவை என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு முன்னால என்ன இருந்துது? ஓடை நாத்தம் வந்துது. அப்புறம் கல்லு உருளுற சத்தம் கேட்டுது. யாராவது பாத்தாங்களா?”

“கூட்டத்துல ஒண்ணும் தெரியல” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் பக்கமே முகத்தை வைத்திருந்தார். “சரி” என்றார்.

ஒன்பதாம் நாள் மாலையில் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். நாய் நன்றாகத் தின்கிறது, குடிக்கிறது, வெறி இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. என் உயிர் தப்பியது.

“வெறி இல்லைங்கில் இல்லா. சந்தையில ஆளைப் பிடிச்ச பட்டி. டோக்கனும் இல்லா. இனி அதைச் சந்தையில விட்டா ஜனங்கள் என்னைக் கேக்கும். நாளைக்கு முடிச்சிரு.”

“சார், அது வேற ஆளு குடுத்தா திங்காது.”

“அறியும். பவுண்டு வாச்சர் சொன்னான். குருடன் கையால குடுத்தாத்தானே திங்கும்? அவன் கொண்டுவர சோத்துல மருந்தைக் கலந்திரு. அவனே குடுக்கட்டும். அவன் அறியாண்டா.”

அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஃபைலை எடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். ஒரு வேலையைச் சுலபமாக முடிக்கும் வழியைத்தான் சொன்னார். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5. பத்தாம் நாள் காலை

மறுநாள் காலை சிலுவை வந்தபோது என் கையில் டப்பா இருந்தது. அவர் ஒரு சட்டியில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டு வந்திருந்தார்.

“இன்னையோட பத்து நாளு. இன்னைக்குத் தொரைக்கு விருந்து” என்று சட்டியை என் பக்கம் நீட்டினார். “கொஞ்சம் பிடியும் அண்ணாச்சி, நான் கையைக் கழுவிட்டு வாறேன்.”

சட்டி ஒரு கையில், டப்பா ஒரு கையில். திரேசம்மா அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. முடிந்தால் குழியைப் பற்றிக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு டப்பாவின் மூடியைப் பாதி திருகிவிட்டேன்.

கை கழுவிவிட்டு அவர் சொன்னது கேட்டது: “இனி ஒரு குட்டியை எடுத்துப் பழக்குனா மூணு வருஷம் ஆவும் திரேசு. ஆண்டவர் அந்த மூணு வருஷத்தை எனக்குத் தந்துட்டாரு.”

மூடியைத் திரும்ப இறுக்கினேன். கடப்பாரையை எடுத்தேன். சங்கிலியை அவிழ்த்து, கம்பை நாயின் கழுத்துக் கயிற்றில் கட்டி, அவர் கையில் கொடுத்தேன். “சந்தைக்கு வாரும்” என்றேன்.

காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் சந்தையைச் சுற்றி வருவார். நாங்கள் போனபோது அவர் மீன் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொரையைக் கண்டதும் ஆட்கள் விலகினார்கள். “பேப்பட்டியைக் கொண்டு வாறான்லே!” என்று ஒருவன் கம்பைத் தேடினான். நான் சிலுவையைப் பத்து எட்டு தள்ளி நிறுத்திவிட்டு, செல்லையா கடை முன்னால் போய் மூடுகல்லை நெம்பினேன். செல்லையாவிடம் கையை நீட்டினேன்.

“என்ன மேஸ்திரி?”

“ஓலை.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. நானே எடுத்துக் குழியின் மேல் விரித்தேன். பிறகு சிலுவையின் காதோடு போய்ச் சொன்னேன்: “முன்னால குழி இருக்கு. அன்னைக்கும் இருந்துது. திறந்து போட்டது நான். மேல ஓலை போட்டு மூடுனதும் நான்.”

அவர் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆழம் எம்புட்டு?”

“நெஞ்சளவு.”

“அடியில சகதியா, கல்லா?”

“கல்லு.”

“தொரை பத்து நாளா கட்டிக் கெடந்திருக்கு. மறந்திருந்தா?”

“நான் குழிக்குப் பக்கத்துல நிக்கேன். பிடிச்சுக்கிடுவேன்.”

“நீரா?” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு முகத்தை நிமிர்த்தி, “போ தொரை” என்றார்.

நான் ஓடிப்போய்க் குழியின் ஓரத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். நாய் நடந்தது. மெலிந்த கால்கள் கொஞ்சம் தள்ளாடின. ஐந்து எட்டு. ஏழு எட்டு. அவர் நிமிர்ந்தே நடந்தார். இன்ஸ்பெக்டர், “எடோ, என்ன செய்யுந்நு?” என்று கத்திக்கொண்டு வந்தார். எட்டாவது எட்டில் தொரை நின்றது. சிலுவை நிற்கவில்லை. அவர் வேண்டுமென்றே காலைத் தூக்கினார். தொரை திரும்பி அவர் வேட்டியைக் கவ்வி, உறுமி, பின்னால் இழுத்தது.

“பிடிச்சிட்டுது! பாத்தியளா, பிடிச்சிட்டுது!” என்று கூட்டத்தில் கத்தினார்கள். இரண்டு கல் என் தோளைத் தாண்டிப் போயின.

நான் குனிந்து ஓலையை உருவினேன்.

அந்தச் சந்தையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. எல்லாரும் குழியைப் பார்த்தார்கள். சிலுவையின் கால் அந்தரத்தில் நின்றது. விரலுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு சாண். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். “அன்னைக்கும்...” என்பதோடு நின்றுவிட்டது. அது போதுமாக இருந்தது.

திரேசம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “கண்ணுள்ள நாம இம்புட்டுப் பேரும் நின்னோமே, ஒருத்தருக்காவது கீழ பாக்கத் தோணிச்சா? சவங்க!” என்றாள். கல்லெறிந்தவனைப் பார்த்து, “நீ என்னலே எறியுக? உனக்கு முந்தி நான்தான்லே கத்துனேன்!” என்றாள்.

சிலுவை காலைக் கீழே வைத்துவிட்டு, தடவித் தடவி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

6. பிறகு

எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். மூடுகல்லைத் திறந்து போட்டதற்கும், குச்சி இல்லாமல் விட்டுப் போனதற்கும், உத்தரவுப்படி மருந்து கொடுக்காததற்கும். மூன்றும் நியாயம்தான், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். செல்லையா பெயரை நான் சொல்லவில்லை. அவர் என்னோடு பிறகு பேசவும் இல்லை.

தொரையைக் கொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரால் அதன்பின் முடியவில்லை. சந்தையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. டோக்கன் ஃபாரத்தில் வீட்டு நம்பர் என்ற இடத்தில்தான் தடங்கல். திரேசம்மா ஆபீஸ் மேஜைமேல் மீன் வாசனையோடு கையை ஊன்றி, “எங்க வீட்டு நம்பரை எழுதும் சார். எங்க வீட்டுப் பட்டி. அதுக்குக் கண்ணு தெரியாத ஒரு மனுஷன் சொந்தம், அவ்வளவுதான்” என்றாள். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

பிறகு சந்தையில் அந்த நாயை எங்கேயும் விட்டார்கள். சாயாக்கடைக்கு உள்ளே பெஞ்சுக்கு அடியில் படுக்கும். மருந்து போடுவதற்கு முந்தின நாள் தமுக்கடிக்கும்போது சிலுவைக்கு ஆள் அனுப்பிச் சொல்வது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். ஐக்கிய கேரளம் வேண்டாம் என்று எங்கள் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம்வரை அவர் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மூடுகல்லைத் திறந்தால் வேலை முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். இன்ஸ்பெக்டர் விசில் ஊதினாலும் நில்லுங்கள். யார் ஓலை நீட்டினாலும் வாங்காதீர்கள். தவறு நடந்துவிட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். குழியைத் திறந்து போட்டதற்கு ரூல்படி பதினைந்து நாள் கிடைத்தது. வாயைத் திறக்காத பத்து நாளுக்கு ரூல் புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. ஆபீஸ் அதற்கு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சிலுவையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்தால், “என்ன அண்ணாச்சி, சொகமா?” என்பார். ஆனால் அவர் எதிரே வருவதே அபூர்வம். சந்தை வழியில் நான் வருவதைக் கண்டால் தொரை பத்து எட்டு தள்ளியே நின்றுவிடும். பிறகு அவரை மெதுவாகத் திருப்பி, வண்டிகளுக்கு அந்தப் பக்கமாக, என்னைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகும்.